பெரியப்பாவுக்கு என்ன பதில் போடுவது?

அன்புள்ள வாசகிக்கு,

பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் வந்திருப்பதாகப் பெரியப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போட்டார். “இதைக்கூடவா நம்புவீங்க?” என்று கேட்டீர்கள். அவர் குழுவை விட்டே போய்விட்டார். இனி யார் எதைப் போட்டாலும் பேசாமல் இருந்துவிடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி இருந்துவிடாதீர்கள்.

2018 மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பம் ஒன்று வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் 65 வயது அம்மா ஒருவர். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊரார் அவரை அடித்தே கொன்றார்கள். அதற்குமுன் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது இதே வதந்திதான். இத்தகைய கொலைகள் பல மாநிலங்களில் நடந்த பிறகு, அந்த ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. ஆகவே நீங்கள் மறுத்தது சரி, மறுத்தே ஆக வேண்டும்.

ஆனால் மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் கேட்டீர்கள். அந்தக் கேள்வியில் வீடியோவைப் பற்றி ஒன்றுமில்லை, பெரியப்பாவின் புத்தியைப் பற்றித்தான் இருக்கிறது. முதலில் போனில் கூப்பிட்டிருக்கலாம். “பெரியப்பா, இது பழைய வீடியோ, வேறு ஊரில் எடுத்தது. மேலே இரட்டை அம்புக்குறி இருக்கு பாருங்க, பல கை மாறி வந்திருக்கு. நீங்களே அழிச்சிட்டு, பொய்ச் செய்தின்னு ஒரு வரி போட்டுடுங்க.” அனுப்பியவரே அழிக்க இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் உண்டு. ஆனால் அது அந்தக் குழுவில் மட்டும்தான் அழியும், அங்கிருந்து பிறர் அனுப்பியவை அப்படியே இருக்கும். அதனால்தான் அந்த ஒரு வரி முக்கியம். அதைப் பெரியவர் வாயால் சொன்னால் குடும்பமே கேட்கும். அவர் மறுத்தால் மட்டும் நீங்கள் குழுவில் எழுதுங்கள், அவர் பெயரை இழுக்காமல்.

இன்னொன்றும் கேட்கிறேன். தினமும் விடிந்ததும் அவர் போடும் காலை வணக்கத்துக்கு எப்போதாவது பதில் போட்டதுண்டா? பேத்தி பள்ளியில் பரிசு வாங்கிய படத்துக்கு? தப்புச் செய்யும்போது மட்டும் குரல் கொடுப்பவரை யாருக்கும் பிடிக்காது. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

இப்போதைக்கு அவரைக் கேட்காமல் குழுவில் மறுபடி சேர்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, முதலில் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். வீடியோ பேச்சை அவரே எடுப்பார்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்