பால் டப்பாவும் தண்ணீர் வாளியும்



நம் அலுவலகத்துக்கு வரும் உதவி விண்ணப்பங்களில் அடிக்கடி காணப்படும் காரணம் ஒன்று உண்டு: "குழந்தை பிறந்த வகையில் ஏற்பட்ட கடன்." என்னென்ன செலவு என்று கேட்டால் பட்டியல் வரும். தனியார் மருத்துவமனை, அகீகா விருந்து, பால் பவுடர், டயப்பர், நடைவண்டி. குழுக்கடன் வாங்கி, வாரா வாரம் வட்டியோடு தவணை கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மாணவர்கள் அறை எடுத்துத் தங்கும் ஊர் இது. பொத்தேரியில் வாடகைக்கே சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. மிச்சத்தில் ஒரு குழந்தையை எப்படி வளர்ப்பது என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் இந்தப் பட்டியலில் பாதி தேவையில்லாதது என்பதையும், குழந்தையின் உயிரைக் காக்கும் பொருள்கள் எதுவும் இதில் இல்லை என்பதையும் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

பாலில் இருந்து தொடங்குவோம். திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், தாய் இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பற்றிப் பேசுகிறது. அதே வசனத்தில், பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் முறையாக அளிப்பது தகப்பன் பொறுப்பு என்றும், யாரும் சக்திக்கு மீறிச் சிரமப்படுத்தப்பட மாட்டார்கள் என்றும் வருகிறது. முதல் பகுதியை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். இரண்டாவது பகுதியைத்தான் வீட்டுக் கணக்கில் எழுத மறந்துவிடுகிறோம். முதல் ஆறு மாதத்துக்குக் குழந்தையின் உணவுச் செலவு என்பது தாயின் தட்டுக்கு ஆகும் செலவுதான். குழந்தைக்குத் தண்ணீர்கூட வேண்டாம், தாய்ப்பால் மட்டும் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 400 கிராம் பால் பவுடர் டப்பா இன்று 400 ரூபாயைத் தாண்டும். அதை மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு அது ஒரு வாரம்கூட வராது. முட்டை 7 ரூபாய் என்றால், தினம் இரண்டு முட்டை ஒரு மாதம் முழுக்கத் தாய்க்குக் கொடுக்க 420 ரூபாய். பத்தியம் என்று சொல்லி பிள்ளை பெற்றவளுக்கு மீனையும் முட்டையையும் தண்ணீரையும் குறைத்துவிட்டு, பால் போதவில்லை என்று டப்பா வாங்கும் மாமியார்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடருக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்யவே 1992ஆம் ஆண்டின் சட்டம் இந்நாட்டில் தடை விதித்திருக்கிறது. உண்மையிலேயே பால் சுரக்காத தாய்மார்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. டாக்டரைக் கேட்டுக் கொடுக்கட்டும்.

ஆறு மாதம் முடிந்தபின் குழைத்த சோறும் பருப்பும், கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், முட்டை. அங்கன்வாடியில் சத்துமாவு இலவசம். அதை வாங்கக் கூச்சப்பட்டு, கடையில் பெட்டி மாவு வாங்குவது வீண்.

தேனைப் பற்றி ஒரு வார்த்தை. தேனில் நிவாரணம் இருக்கிறது என்பது நம் ஈமான். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தால், அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குடலில் வளர்ந்து நரம்புகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம் என்பதால் மருத்துவர்கள் தடுக்கிறார்கள். தஹ்னீக் செய்ய நபிவழியில் இருப்பது பேரீச்சம்பழம். சுர்மாவும் இப்படித்தான். நபி (ஸல்) அவர்கள் சொன்னது இஸ்மித் என்னும் கல். இன்று கடைகளில் சுர்மா என்ற பெயரில் விற்பவற்றில் பலவற்றைச் சோதித்ததில் ஈயம் இருந்திருக்கிறது. ஈயம் சிறு குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், வெளியே எதுவும் தெரியாது. கண்ணேறுக்காகக் கன்னத்தில் வைக்கும் பொட்டும் கை வழியாக வாய்க்குத்தான் போகிறது.

டயப்பர் ஒன்று 10 ரூபாய், நாளுக்கு ஐந்து என்று வைத்தால் மாதம் 1,500 ரூபாய். "உடுப்பு நஜீஸாகிவிடுகிறது, தொழ முடியவில்லை" என்று தாய்மார்கள் சொல்வது புரிகிறது. உம்மு கைஸ் (ரலி) அவர்கள் தம் கைக்குழந்தையைக் கொண்டுவந்தபோது அது நபி (ஸல்) அவர்களின் ஆடையில் சிறுநீர் கழித்ததும், அவர்கள் தண்ணீர் வரவழைத்துத் தெளித்ததும் புகாரியில் வரும் செய்தி. பால் மட்டும் குடிக்கும், இரண்டு வயது நிறையாத ஆண் குழந்தை என்றால் ஷாஃபி மத்ஹபில் அந்த இடத்தில் தண்ணீர் தெளித்தால் போதும். பெண் குழந்தைக்குக் கழுவ வேண்டும். ஹனஃபியில் இரண்டுக்குமே கழுவ வேண்டும். எப்படியானாலும் பழைய வேட்டியைக் கிழித்த துணியும், தொழுகைக்கென்று தனியாக வைத்த ஓர் உடுப்பும் இருந்தால் போதும். பயணத்துக்கு மட்டும் டயப்பர் வைத்துக்கொள்ளலாம்.

அரசு தருவதை நம்மவர்கள் பலர் வாங்குவதில்லை. கர்ப்பம் தெரிந்ததும் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் வாங்கிவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துத் தாய்க்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கும். 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பிரசவம் முடிந்து வீடு திரும்ப 102 வண்டி இலவசம். தடுப்பூசிகள் புதன்கிழமைதோறும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் போடப்படுகின்றன. தனியாரில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போட்ட நிமோனியா தடுப்பூசியும் 2021 முதல் அங்கேயே இலவசம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய் வருகிறவர்கள் தடுப்பூசி அட்டையை அங்கேயே விட்டு வராதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை.

அகீகா வசதி உள்ளவர்களுக்கான சுன்னத். நம் இரு மத்ஹபுகளிலும் அது ஃபர்ளு அல்ல. ஊரைக் கூட்டி பிரியாணி போடுவது சுன்னத்தும் அல்ல. வட்டிக்கு வாங்கி அகீகா கொடுப்பதை என்னவென்று சொல்வது?

இனி வீட்டின் பாதுகாப்பு. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்ததும், நாலைந்து நாள் தமிழ்நாடே தொலைக்காட்சி முன் அமர்ந்து துஆ செய்ததும் நினைவிருக்கும். அதே நாட்களில் தூத்துக்குடியில் ஒரு வீட்டில், பெற்றோர் அந்த மீட்புப் பணியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர்களுடைய இரண்டு வயது மகள் குளியலறைத் தண்ணீரில் மூழ்கி இறந்துபோனாள். அந்தப் பெற்றோர் கவனமில்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்தவர் பிள்ளைக்காக உருகிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தண்ணீரில் விழுந்த குழந்தை சத்தம் போடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நமக்கும் தெரியாது.

தவழும், நடை பழகும் வயதில் குழந்தைக்குத் தலைதான் கனம். வாளியை எட்டிப் பார்க்கும், கவிழும், கால் மேலே போய்விடும். கையை ஊன்றி எழும் பலம் இருக்காது. வாளி பாதி நிறைந்திருந்தாலும் போதும். ஒரு போன் பேசி முடிக்கும் நேரம்தான். நம் பகுதியிலோ லாரித் தண்ணீரை டிரம்மிலும் வாளியிலும் பிடித்து வைக்காத வீடு இல்லை. ஆகவே குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். பிடித்து வைத்தே ஆகவேண்டிய டிரம்முக்குத் திருகு மூடி போடுங்கள். குளியலறைக் கதவின் வெளிப்புறம், பெரியவர் கை எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் அடியுங்கள். இரும்புக் கடையில் சிறிய தாழ்ப்பாளுக்கு நூறு ரூபாய் ஆகாது. ஒளு செய்ய வைக்கும் டப், ஊறவைத்த துணி, தரைத்தொட்டி மூடி, எதையும் விட்டுவிடாதீர்கள். நடைவண்டியில் உட்கார்ந்த குழந்தை நாம் நினைப்பதைவிட வேகமாகக் குளியலறைக்கும் அடுப்புக்கும் போய்விடும். கனடா நாட்டில் அதை விற்கவே 2004 முதல் தடை.

இரவானதும் பாத்திரங்களை மூடவும், கதவைச் சாத்தவும், விளக்கை அணைக்கவும், மக்ரிப் நேரத்தில் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளவும் நபி (ஸல்) அவர்கள் ஏவியதை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். எலி திரியை இழுத்துப்போய் வீட்டை எரித்துவிடக்கூடும் என்ற காரணமும் அதில் இருக்கிறது. இன்று நம் வீட்டில் திரிவிளக்கு இல்லை. கேஸ் ரெகுலேட்டர் இருக்கிறது. படுக்குமுன் அதை அணையுங்கள். ஒற்றை அறை வீட்டில் அடுப்பைத் தரையில் வைக்க நேர்ந்தால், கஞ்சி வடிக்கும்போது குழந்தை இன்னொருவர் மடியில் இருக்கட்டும். சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, இங்க், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம்.

தெருவில் வரும் வண்டிக்காரரிடம் பினாயிலும் ஆசிட்டும் குளிர்பான பாட்டிலில் வாங்கும் பழக்கத்தை விடவேண்டும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள், 108ஐ அழையுங்கள். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகும், காத்திருக்கக் கூடாது. புடவைத் தூளி நல்லது, மலிவானது. குழந்தையை எடுத்ததும் துணியைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள். அக்கா, அண்ணன் அதில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகிய செய்திகள் தமிழ்நாட்டில் அவ்வப்போது வருகின்றன.

வாடகை வீடு, உரிமையாளர் கதவில் ஆணி அடிக்க விடமாட்டார் என்பவர்கள் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள், நாங்கள் வந்து பேசுகிறோம். தாழ்ப்பாள் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு டிரஸ்ட் செலவில் பொருத்தித் தருவோம், இன்ஷா அல்லாஹ். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் வரும் சகோதரிகளுக்கு மகப்பேறு உதவிப் பதிவுக்கும் வழிகாட்டுவோம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் கொண்டுவாருங்கள்.