முப்பத்தொண்டுக்குப் பிறகு

இணுவில்

அன்புள்ள பெறாமகளுக்கு,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். மெழுகுதிரி கொளுத்தி, முகத்தில் பச்சையாக எதையோ அப்பிக்கொண்டு, தாய்மார் தங்களைத் தாங்களே கவனிக்க வேணும் என்று அந்தப் பெண் சொல்கிறாள். அதற்குக் கீழே நீ எழுதியிருந்தாய்: "பெரியம்மா, எனக்கு வடிவாய்த் தோயக்கூட நேரமில்லை." புலமைப்பரிசில் வகுப்பில் ஒருவன், எட்டு மாதத்தில் ஒருத்தி, பள்ளிக்கூட வேலை, சனி ஞாயிறுக்கு மட்டும் கொழும்பிலிருந்து வந்துபோகும் புருஷன். நேரம் எங்கே இருக்கப்போகிறது? ஆகவே நேரம் கண்டுபிடி என்று புத்தி சொல்ல நான் வரவில்லை. எந்த வேலையை விடலாம், எதை யாருடைய தலையில் ஏற்றலாம் என்றுதான் எழுதப்போகிறேன். உடுவில் பக்கத்து ஒழுங்கைகளில் மிட்வைஃபாகச் சைக்கிள் மிதித்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் கண்டிப்பாகவும் எழுதுவேன், கோவியாதே.

தாயைக் கவனிக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லாமல் இல்லை. பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. அவள் அடுப்படிக்குப் போகக்கூடாது, கிணற்றில் தண்ணீர் அள்ளக்கூடாது. நொச்சி, ஆமணக்கு, பாவட்டை என்று இலைகுழை அவித்த வேதுத்தண்ணீரில் வேறொருத்திதான் அவளைக் குளிப்பாட்டுவாள். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி அரைத்த சரக்குக்கறியும் பால்சுறா வறையும் சுடச்சுட அவளுடைய கோப்பைக்கு வரும். துடக்கு என்று ஒதுக்கி வைத்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அப்படி ஒதுக்கியதால்தான் அவளுக்கு நித்திரையும் சோறும் கிடைத்தன என்பதை மறைக்க ஏலாது. சீனத்திலும் பிள்ளை பெற்றவளை ஒரு மாதம் அசையவிடாமல் வைத்துப் பார்க்கிறார்கள்.

பிறகு முப்பத்தொண்டு வரும். ஐயர் வந்து துடக்குக் கழிப்பார். பிள்ளைக்கு மொட்டை. அடுத்தநாள் விளக்குமாறு அவள் கையில். அன்றிலிருந்து அவளை யார் பார்ப்பது என்று வழக்கத்தில் ஒரு சொல்லும் கிடையாது. வளவுக்குள்ளேயே அம்மாவும் சித்தியும் மச்சாளும் இருந்த காலத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அந்த வளவுகள் கனடா, லண்டன், பாரிஸ் என்று சிதறிவிட்டன. உன் அம்மாவே உன் தங்கச்சியின் பிள்ளைப்பேறு பார்க்க ரொறன்ரோவில் நிற்கிறாள். உன் பிள்ளையை அவள் பார்ப்பது ஃபோனில்.

அரசாங்கத்தின் பக்கத்திலும் இதே கதைதான். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வளர்ந்துவந்த ஒழுங்கு இது: கர்ப்பம் என்று பதிந்த நாளிலிருந்து மிட்வைஃப் வீடு தேடி வருவாள், பிள்ளை பிறந்து பத்து நாளுக்குள் இருதரமாவது வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பாள். ஒரு சதம் கேட்க மாட்டாள். வெளிநாட்டில் இருக்கிற உன் மச்சாள்மாருக்கே இது பொறாமையான விஷயம். ஆனால் ஆறு கிழமை கழிந்ததும் எல்லாருடைய கண்ணும் பிள்ளையின் நிறைக்குப் போய்விடும். கிளினிக்கில் நான் திரும்பத் திரும்பக் கண்டது: பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைப் பொலித்தீன் உறைக்குள் மடிப்புக் கலையாமல் வைத்திருப்பாள், போன மாதத்தைவிட எத்தனை கிராம் கூடியது என்று மனப்பாடமாகச் சொல்வாள். "உன்ர பிறஷர் எவ்வளவு, கடைசியாய் எப்ப பார்த்தது?" என்று கேட்டால் முழிப்பாள். படித்தவள், படிக்காதவள் என்ற வித்தியாசம் அதில் இல்லை.

முதலில் சாப்பாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். எல்லாருக்கும் போட்டு முடித்தபின், மீன்குழம்பு வைத்த சட்டிக்குள்ளேயே மிச்சச் சோற்றைப் போட்டுப் பிரட்டி, குசினியில் நின்றபடி சாப்பிடுவது எங்கள் பெண்களின் பழக்கம். ருசி என்றால் அதுதான் ருசி, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நேரம் சட்டியில் மீன் இருக்காது, குழம்புதான் இருக்கும். பால் கொடுக்கிற தாய்க்கு ஒரு நாளைக்கு மேலதிகமாக ஏறத்தாழ 500 கலோரி வேண்டும். நீ தின்பதோ மற்றவர்களைவிடக் குறைவு. உன் பங்கு மீன்துண்டையும் முருங்கையிலை வறையையும் பரிமாறுவதற்கு முன்னமே ஒரு கோப்பையில் எடுத்து மூடிவை. சுயநலம் என்று யாராவது முகம் சுளித்தால், எட்டு மாதப் பிள்ளையைக் காட்டு.

சோறு இறங்கமுன்னமே தேத்தண்ணி குடிக்கிற பழக்கத்தை விடு. தேயிலைச் சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடி. அதற்குப் பதிலாகச் சோற்றோடு அரைத் தேசிக்காயைப் பிழிந்துகொண்டால் அதே இரும்புச்சத்து நன்றாகச் சேரும். கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசையையும் கல்சியம் குளிசையையும் ஒன்றாக விழுங்காதே, வேறு வேறு நேரத்தில் போடு. திரிபோஷா கதையும் எனக்குத் தெரியும். 1973 முதல் இந்த நாட்டில் கொடுத்துவரும் மா அது. பால் கொடுக்கும் தாய்க்கென்று பைக்கற் தருவார்கள். வீட்டுக்குப் போனதும் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்து மூத்தவனுக்குக் கொடுத்துவிடுவாள். அவனுக்கு வேறு ஏதாவது கொடு. அது உன்னுடையது.

பத்தியம் பற்றியும் ஒன்று. சரக்குத்தண்ணியில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஒடியற்கூழும் உளுத்தங்களியும் இன்றைக்கும் நல்ல சாப்பாடுதான். ஆனால் பழம் குளிர், பச்சைத்தண்ணி கூடாது என்று தாயைத் தாகத்தோடு வைத்திருந்த வழக்கத்தைத் தொலைத்துவிடு. உன்னைப் போல ரீச்சர்மாருக்கு இதைவிட இன்னொரு தொல்லை. பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் பயந்து விடியத் தொடங்கி ஒன்றரை மணி மட்டும் தண்ணீரே குடிக்காமல் இருப்பீர்கள். சலக்கடுப்பும் தலையிடியும் அதனாலும் வரும். போத்தலைக் கையோடு கொண்டுபோ. கழிப்பறையைத் துப்புரவாக்கித் தரச் சொல்லி ரீச்சர்மார் எல்லாரும் சேர்ந்து அதிபரிடம் கேளுங்கள். ஒருத்தி கேட்டால் அலுப்பு, எல்லாரும் கேட்டால் தீர்மானம்.

விரதம் என்றால் எனக்கும் உயிர். நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாளும் வீட்டில் சைவம்தான். ஆனால் பால் குடிக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கந்தசட்டியின் ஆறு நாளும் வெறுவயிற்றோடு கிடக்காதே. முருகன் கணக்குப் பார்க்க மாட்டார்.

நித்திரைக்கு வருவோம். விடிய நாலரைக்கு எழும்பி, தேங்காய் திருவி, இடியப்பம் பிழிந்து, சொதியும் சம்பலும் வைத்து, மத்தியானத்துக்கும் சமைத்து மூடிவிட்டு ஏழு மணிக்கு ஸ்கூட்டியில் ஏறுகிறாய். இரவில் பிள்ளை இரண்டுதரம் எழுப்பும். இது எத்தனை மாதம் தாங்கும்? இடியப்பத்தை விலைக்கு வாங்கு. உன் ஒழுங்கையிலேயே யாராவது ஒருத்தி அவித்து விற்பாள், இல்லாவிட்டால் திருநெல்வேலி அம்மாச்சி உணவகத்துக்குப் போ. அங்கே அவிக்கிறவளும் தாய்தான், நீ கொடுக்கிற காசு அவளுடைய வீட்டுக்குப் போகிறது. வெளியில் வாங்கினால் ஊர் சிரிக்கும் என்று உன் மாமி சொன்னால், சிரிக்கிற ஊரை விடிய நாலரைக்கு வந்து மா குழைத்துத் தரச் சொல்லு. பத்து வயதுப் பெடியன் தேங்காய் திருவினால் கை தேய்ந்து போகாது. புலமைப்பரிசில் படிக்கிறான் என்று அவன் குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக்கூட நீயே கழுவுகிறாயே, அந்தப் பரீட்சையில் கோப்பை கழுவக்கூடாது என்று எந்த வினாத்தாளில் இருக்கிறது? வெள்ளி இரவு உன் புருஷன் வந்திறங்கினால் வெள்ளி, சனி இரண்டு இரவும் பிள்ளையை எழும்பிப் பார்ப்பது அவருடைய முறை. நீ பால் கொடுத்தவுடன் திரும்பிப் படு. முதுகு தட்டுவதும், பம்பர்ஸ் மாற்றுவதும், தோளில் போட்டு நடப்பதும் அவர். முதல் இரண்டு கிழமை பிழையாகத்தான் கட்டுவார். வாயை மூடிக்கொண்டு படுத்திரு.

இப்படி மீதமாகும் நேரத்தில் ஞாயிறு காலை ஒரு மணித்தியாலம் உனக்கு. நல்லெண்ணெய் வைத்து ஊறவிட்டு, சீயாக்காயும் வெந்தயமும் தேசிக்காயும் அவித்த தண்ணீரில் ஆறுதலாகத் தோய். உன் அம்மம்மா அதைத்தான் செய்தாள், மெழுகுதிரி இல்லாமலே. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொள். வெளியில் கத்தினாலும் யாரும் சாகமாட்டார்கள்.

நடப்பதற்கு என்று தனியாக வெளிக்கிட உன்னால் ஏலாது. ஆனால் பின்னேரம் ரியூசன் வாசலில் நீயும் இன்னும் பத்துத் தாய்மாரும் ஸ்கூட்டிகளில் இருந்தபடி ஃபோனைத் தட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். கிழமைக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தக் காத்திருப்பிலேயே அது முடிந்துவிடும். இரண்டு பேராய் நடவுங்கள், ஊர்க்கதையும் தீரும். நடக்கிற நாட்களில் சின்னவளைப் பக்கத்து வீட்டுக்காரி வைத்திருக்கட்டும், அவளுடைய மகனை நீ ரியூசனுக்கு ஏற்றிக்கொண்டு போ. சும்மா கேட்கத்தான் எங்களுக்குக் கூச்சம், மாற்றாகச் செய்தால் ஒருத்தருக்கும் கூச்சமில்லை.

உடம்பைச் சோதிக்கிற விஷயத்தில் மட்டும் சாட்டுச் சொல்ல விடமாட்டேன். உனக்கு இந்த வருடம் 35. சுகவனிதையர் கிளினிக் என்று 1996 முதல் நடக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் எந்த நாள் என்று சொல்வார்கள். பிறஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் ஒரே இருப்பில் பார்ப்பார்கள், காசில்லை. 35 வயதில் ஒருதரம், 45 வயதில் இன்னொருதரம் என்று கூப்பிடுகிறார்கள். வெட்கம் என்று பலர் போவதில்லை. இந்த நாட்டுப் பெண்களுக்கு ஆகக்கூடுதலாக வருவது மார்புப் புற்றுநோய். மாதவிடாய் முடிந்து சில நாளில் மார்பை நீயே தடவிப் பார், கட்டியோ தோல் சுருக்கமோ முலைக்காம்பு உள்ளிழுத்ததோ கண்டால் அடுத்த நாளே காட்டு. பால் கட்டியதாக இருக்கலாம். அதை டொக்டர் சொல்லட்டும். 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து சனம் சேர்த்துக் கொடுத்த காசில் எழும்பியதுதான் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆசுப்பத்திரி. அங்கே பிந்தி வந்து சேர்கிறவர்களில் தாய்மாரும் உண்டு. "பிள்ளையின்ர சோதினை முடியட்டும் எண்டு இருந்தனான்" என்பார்கள்.

கடைசியாய் மனம். பிள்ளை பிறந்த முதல் கிழமைகளில் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம், தானாகப் போய்விடும். இரண்டு கிழமைக்கு மேலும் ஒரே யோசினை, பிள்ளை தூங்கினாலும் தனக்கு நித்திரை வராமை, ஒன்றிலும் மனம் ஒட்டாமை என்று நீண்டால் அது வருத்தம், வைத்தியம் உண்டு. பிள்ளை பிறந்து ஒரு வருடத்துக்குள் எப்போதும் வரலாம், எட்டாம் மாதத்திலும். 1987இல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட தாள் ஒன்று இருக்கிறது, உலகின் பல நாடுகளில் அதை வைத்துத் தாய்மாரைக் கேட்கிறார்கள். நாங்கள் கேட்கும்போது கதவு நிலையில் மாமியார் நிற்பார். இவள் "ஒண்டுமில்லை மிஸ்" என்பாள். உன்னைக் கேட்டால் தனியாகக் கதைக்க வேணும் என்று சொல்லு. கண்ணூறு என்று நூல் கட்டினால் கட்டட்டும், ஆசுப்பத்திரிக்கும் போ. இரவில் யாரோடாவது கதைக்க வேண்டும்போல் இருந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு எடு, தேசிய மனநல நிறுவனத்தின் அழைப்பு அது (களுத்துறையின் ஆண்டேதான், மறக்காது). தன்னையோ பிள்ளையையோ ஏதும் செய்துவிடுவோமோ என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் விடியுமட்டும் காத்திருக்காதே. பக்கத்து வீட்டை எழுப்பு, 1990 அம்புலன்சைக் கூப்பிடு.

உனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, வார முடிவிலாவது ஒரு துணை இருக்கிறது. போரில் புருஷனை இழந்து, கிழமைக் கிழமை கடன் தவணை கட்டிக்கொண்டு தனியாகப் பிள்ளை வளர்க்கிறவளுக்கு நான் எழுதியதில் பாதி பொருந்தாது என்று எனக்குத் தெரியும். உன் வகுப்பிலேயே அப்படிப்பட்டவளின் பிள்ளை இருக்கும். பெற்றார் கூட்டத்தில் அவளைக் கண்டால், பிள்ளையின் புள்ளியைக் கதைக்கமுன் அவள் சாப்பிட்டாளா என்று கேள், கிளினிக் நாளையும் சொல்லிவிடு.

இப்போது நீ செய்யவேண்டியது ஒன்றுதான். அடுத்த மாதம் சின்னவளை நிறுக்கக் கொண்டுபோகும்போது, உன்னையும் ஒருக்கால் பார்க்கச் சொல்லி மிட்வைஃபிடம் கேள். பிறஷர் எவ்வளவு, இரத்தம் எத்தனை என்று ஒரு துண்டில் எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா