பிளானை ஏற்றினால் பிங் இறங்காது

“லேக் அடிக்குதா? பிளானை மாத்து.” ஆன்லைன் கேம் ஆடும் பிள்ளைகள் இருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. கேபிள்காரர் சொல்கிறார், கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்கிறார், ரீல்ஸ் போடும் பையனும் சொல்கிறான். 40 மெகாபிட் வைத்திருந்தவர் 100-க்குப் போகிறார், 100 வைத்திருந்தவர் 300-க்குப் போகிறார். மாதா மாதம் கட்டும் பணம் ஏறுகிறது, லேக் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வீடுகளிலும் கடைகளிலும் நெட்வொர்க் கேபிள் இழுப்பதும் நெட் கோளாறு பார்ப்பதும் என் தொழில். இந்தத் துறையில் உலவும் நம்பிக்கைகளில் மக்கள் காசை அதிகம் தின்பது இதுதான். ஆகவே இதை முதலில் ஒரு வழி பண்ணிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

நம்பிக்கை: அதிக எம்பிபிஎஸ் பிளான் போட்டால் கேமில் லேக் போய்விடும்.

உண்மை: போகாது. எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடியில் எவ்வளவு டேட்டா வரும் என்ற அளவு. பிங் என்பது ஒரு சின்ன பாக்கெட் கேம் சர்வர் வரை போய்த் திரும்பி வர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்ற அளவு. மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு பஸ் விட்டாலும் ஐம்பது பஸ் விட்டாலும் போய்ச் சேரும் நேரம் ஒன்றுதான். ஏறும் ஆட்கள்தான் கூடுவார்கள். பிளானை ஏற்றுகிறவர் பஸ்ஸைக் கூட்டுகிறார், பயண நேரத்தைக் குறைக்கவில்லை.

கேமுக்கு எவ்வளவு டேட்டா வேண்டும் என்று ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் ஆள் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் திரும்பினான், சுட்டானா இல்லையா என்ற தகவல்தான் சர்வருக்கும் உங்களுக்கும் இடையே ஓடுகிறது. மேப்பும் படமும் சத்தமும் ஏற்கெனவே உங்கள் மெஷினில் இருக்கின்றன. ஒரு மணி நேர ஆட்டத்துக்கு 100 மெகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 8-ஆல் பெருக்கி 3,600 நொடியால் வகுத்தால் நொடிக்குக் கால் மெகாபிட்கூட வரவில்லை. சில கேம்களில் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு போகும். அப்போதும் ஒரு மெகாபிட்டைத் தொடாது. கையில் 100 இருக்கும்போது ஒன்றைக்கூட முழுசாகச் செலவழிக்காதவர், 300 வாங்கி என்ன செய்யப்போகிறார்?

அடுத்தது தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். போக 5, வர 5 என்று பத்து மில்லிநொடி அங்கேயே போய்விடுகிறது. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, வழியில் ரூட்டர்கள் நிற்கின்றன, அதனால் நடைமுறையில் இன்னும் ஏறும். சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் கணக்கே வேறு. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் போகும் ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிநொடி. எந்தப் பிளானாலும் இதில் ஒரு மில்லிநொடியைக் குறைக்க முடியாது.

2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே கடலடி கேபிள்கள் அறுந்தன. மைக்ரோசாஃப்ட் தன் அஷூர் கிளவுட் சேவை வாடிக்கையாளர்களுக்கு என்ன அறிவித்தது? மத்தியக் கிழக்கு வழியாகப் போகிற டிராஃபிக் மாற்று வழியில் திருப்பப்படுகிறது, தாமதம் கூடும் என்றுதான். பாதை நீண்டது, நேரம் ஏறியது. அந்த வழியை நம்பியிருந்தவர் 1,000 மெகாபிட் வைத்திருந்தாலும் தப்பியிருக்க முடியாது.

“ஸ்பீட் டெஸ்ட்ல 3 மில்லிநொடின்னு காட்டுதே” என்பார்கள். காட்டத்தான் செய்யும். அந்த டெஸ்ட் தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் பெரும்பாலும் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ, பல நேரம் உங்கள் நெட் நிறுவனத்தின் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. கேம் சர்வர் அங்கே இல்லை. வாலரன்ட் என்ற கேமை ஆடுகிற பையனின் பாக்கெட் மும்பை சர்வருக்குப் போய்வர வேண்டும். அந்த கேமின் சர்வர் நொடிக்கு 128 தடவை ஆட்ட நிலவரத்தைப் புதுப்பிக்கிறது, அதாவது 8 மில்லிநொடிக்கும் குறைவான இடைவெளியில் ஒருமுறை. அங்கே பாக்கெட் ஒழுங்கான தாளத்தில் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. ஸ்பீட் டெஸ்ட் முள் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அப்படியானால் லேக் எங்கேதான் இருக்கிறது? நான் பார்க்கிற வீடுகளில் முதல் குற்றவாளி வைஃபை. அண்மையில் போன வீட்டிலும் அதேதான். “அண்ணே, 300 போட்டாச்சு. இன்னும் பிங் ஏறுது” என்றான் பையன். ரூட்டர் கீழ்த்தளத்து ஹாலில், டிவி ஷோகேஸுக்குள், கண்ணாடிக் கதவு சாத்தியபடி இருந்தது. அவன் ஆடுவது மாடி அறையில். நடுவே கான்கிரீட் தளம். நான் வெளி இணையத்தின் பக்கமே போகவில்லை. அவன் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ரூட்டரின் சொந்த முகவரியான 192.168.1.1-க்கு பிங் விட்டேன். 2, 3 என்று வரவேண்டிய இடத்தில் 4, 61, 9, 188 என்று வந்தது. இடையில் ஒரு பாக்கெட் திரும்பியே வரவில்லை. வீட்டு வாசலைத் தாண்டாத பாக்கெட்டுக்கே இந்த நிலை. பிறகு ரூட்டரிலிருந்து மாடிப்படி ஓரமாக ஒரு கேட்6 கேபிளை இழுத்து லேப்டாப்பில் செருகினேன். அதே முகவரிக்கு ஒவ்வொரு வரியிலும் 1 மில்லிநொடிக்குக் குறைவு என்று வந்தது. பழைய பிளானுக்கே திரும்பிவிடுங்கள் என்று அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

வைஃபையில் பொதுவாக ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டு ரூட்டர்கள் இந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்கின்றன. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டும் வலுவும் அதற்குக் குறைவு.

இரண்டாவது குற்றவாளி வரிசை. அம்மாவின் போன் கல்யாண வீடியோக்களை கிளவுடில் ஏற்றத் தொடங்குகிறது. அப்லோடு வழி நிரம்புகிறது. மோடத்தின் நினைவகத்தில் பாக்கெட்டுகள் வரிசை கட்டுகின்றன. பையனின் துப்பாக்கி சுட்ட சேதி அந்த வரிசையின் வாலில் நிற்கிறது. 25-ல் இருந்த பிங் 300-க்குத் தாவுகிறது. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். 2010 வாக்கில் கணினிப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் இதை உரக்கச் சொன்னார். 2012-ல் நெட்வொர்க் ஆய்வாளர்களான கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வைக் கொடுத்தார்கள். சில ரூட்டர்களில் எஸ்கியூஎம் என்ற அமைப்பாக இது கிடைக்கிறது. அதை இயக்கி, வேகத்தை உண்மையான அளவில் 90 சதவீதம் போல் கட்டிவைத்தால், வீட்டில் யார் எதை ஏற்றினாலும் கேம் பாக்கெட் முன்னால் போகும். இத்தனை ஆண்டாகத் தீர்வு இருக்கிறது. அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, பிளானை மட்டும் விற்கிறார்கள்.

மூன்றாவது, நெட்டுக்குச் சம்பந்தமே இல்லாதது. படம் திணறினாலும் பையன்கள் அதை லேக் என்றுதான் சொல்கிறார்கள். அது எஃப்பிஎஸ், அதாவது ஒரு நொடியில் திரையில் வரையப்படும் படங்களின் எண்ணிக்கை, விழுவது. விசிறியில் தூசி அடைத்து லேப்டாப் கொதித்தால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேமுக்குள்ளேயே பிங், எஃப்பிஎஸ் இரண்டையும் காட்டும் வசதி இருக்கிறது. திணறும் நேரத்தில் எது மாறுகிறது என்று பாருங்கள். பிங் அசையாமல் எஃப்பிஎஸ் விழுந்தால் நெட் நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள், தூசியைத் துடையுங்கள்.

வேகமான பிளானுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நூறு கிகாபைட் கேமை இறக்கவும், நான்கு பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கவும், ஆடுவதை நேரலையாக ஒளிபரப்பவும் அது வேண்டும். கிளவுட் கேமிங்கில் படமே வீடியோவாக வருவதால் அங்கேயும் வேண்டும். லேக்குக்கு மருந்து என்று விற்கிறார்களே, அதுதான் பொய்.

இனி மற்றவை.

நம்பிக்கை: 100 எம்பி பிளானில் 12 எம்பி-தான் வருகிறது, ஏமாற்றுகிறார்கள்.

உண்மை: பிளானில் எழுதியிருப்பது மெகாபிட். டவுன்லோடு ஜன்னல் காட்டுவது மெகாபைட். 8 பிட் ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. வரவேண்டியது சரியாகவே வருகிறது.

நம்பிக்கை: ஆறு ஆன்டெனா வைத்த கேமிங் ரூட்டர் வாங்கினால் பிங் குறையும்.

உண்மை: ரூட்டரின் வேலை உங்கள் வீட்டுக்குள் முடிந்துவிடுகிறது. மும்பைத் தூரத்தை ஆன்டெனா குறைக்காது. எஸ்கியூஎம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், கொம்புகளை எண்ணி வாங்காதீர்கள்.

நம்பிக்கை: பூஸ்டர் ஆப் போட்டால் போன் வேகமாகும்.

உண்மை: ரேமை நிர்வகிக்க ஆண்ட்ராய்டுக்கே தெரியும். பூஸ்டர் மூடிய ஆப்பை அடுத்து நீங்கள் திறக்கும்போது முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும், பேட்டரிதான் வீணாகும். டெஸ்க்டாப்பில் எஃப்5-ஐத் தட்டிக்கொண்டே இருப்பதும் இதே ரகம். ஐகான்களைத் திரும்ப வரைவதைத் தவிர அது வேறெதுவும் செய்வதில்லை.

நம்பிக்கை: கிராஃபிக்ஸ் கார்டில் ஜிபி கூடினால் கேம் நன்றாக ஓடும்.

உண்மை: 4 ஜிபி டிடிஆர்3 நினைவகம் வைத்த ஜிடி 730-ஐ கேமிங் கார்டு என்று சொல்லிப் பெற்றோர் தலையில் கட்டுகிறார்கள். 2016-ல் வந்த 2 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 அதை எளிதாக மிஞ்சும். சிப் எது, நினைவகத்தின் வேகம் என்ன என்று முதலில் பாருங்கள், ஜிபி அதற்குப் பிறகு.

நம்பிக்கை: மத்திய அரசு ஆன்லைன் கேமையே தடை செய்துவிட்டது.

உண்மை: 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் தடுப்பது பணம் கட்டி ஆடும் ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும், பணப் பரிமாற்றத்தையும். இ-ஸ்போர்ட்ஸை அதே சட்டம் அங்கீகரிக்கிறது. செய்தித் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பிள்ளையின் கம்ப்யூட்டரைப் பிடுங்க வேண்டாம்.

கடைசியாக, வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மின்சாரத்துக்கும் டிவிக்கும் சுவருக்குள் குழாய் போடுகிறீர்கள். நெட்வொர்க்குக்கு மட்டும் ஏன் மறந்துவிடுகிறீர்கள்? இன்று பள்ளிப் பாடம், அலுவலக மீட்டிங், சிசிடிவி, டிவி என்று எல்லாமே நெட்டில்தான். பல லட்சம் போட்டு எழுப்பிய வீட்டில் பிறகு வெள்ளைப் பட்டி ஒட்டி, சுவரைத் துளைத்து, கேபிளைத் தொங்கவிட்டுப் போகிற வேலையை நான் மனம் நொந்துதான் செய்கிறேன்.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்புதானா என்று பாருங்கள். சந்தையில் மலிவாகக் கிடைப்பதில் பலவற்றுக்கு உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. முனையில் ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அது எளிதில் ஒடியும், கேட்6 தரத்துக்குள்ளும் அது வராது. நல்ல கேட்6 கேபிள் 100 மீட்டர் வரை நொடிக்கு 1,000 மெகாபிட்டைத் தாங்கும். எந்த வீட்டுக்கும் அது போதும்.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த முறை பையன் பிளானை மாற்றச் சொன்னால், முதலில் ரூட்டருக்கு ஒரு பிங் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயே எண்கள் துள்ளினால் கேபிள் இழுங்கள். வீட்டுக்குள் சரியாக இருந்து வெளியே மட்டும் ஏறினால், பாக்கெட் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் எடுத்து, எந்த இடத்தில் ஏறுகிறது என்று காட்டி நெட் நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் பூச்சு வேலை தொடங்கும் முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அறைக்கு ஒன்றாகத் தனிக் குழாய் போடச் சொல்லுங்கள்.