மலையா, கூலி வீரனா?

கேள்வி: கற்பனைக் கதைகளின் வீரர்களை மோதவிட்டு நண்பர்களோடு போட்டி நடத்துகிறோம். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ வரிசையிலிருந்து அடுத்த சுற்றில் ‘மலை’ கிரெகோருக்கு எதிராக ப்ரான். வெல்வது யார்?

பதில்: ப்ரான் என்பேன். பலரும் உருவத்தைப் பார்த்தே கணிக்கிறார்கள். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் முதல் நாவலிலேயே (1996) அந்தக் கணக்கு பொய்த்துப்போகிறது. முழுக் கவசம் பூண்ட வீரர் வார்டிஸைத் தன் பின்னால் அலையவிட்டு, அவர் களைத்த பிறகே ப்ரான் வீழ்த்துகிறான். கிரெகோரின் கவசமோ இன்னும் கனம். ஈட்டி வீரன் ஓபரினைக் கிரெகோர் கொன்றானே என்பீர்கள். ஆனால் ஓபரினின் வேகமும் நீண்ட ஈட்டியும் கிரெகோரை ஏற்கெனவே தரையில் சாய்த்திருந்தன. வாக்குமூலம் கேட்டு ஓபரின் அவன் கைக்கெட்டும் தூரத்துக்குப் போனதுதான் வினையாயிற்று. அது பழிதீர்க்க வந்தவனின் பிழை. கூலிக்குச் சண்டையிடும் ப்ரானுக்கு எதிரியிடம் கேட்டுப் பெற ஒன்றுமில்லை.

வலுவான மறுப்பு வேறொன்று: தன்னைக் கூலிக்கு அமர்த்திய டிரியனுக்காகக் கிரெகோரோடு மோத ப்ரானே மறுத்துவிட்டான். களைக்கும்வரை ஆட்டம் காட்டலாம், ஆனால் ஒருமுறை கால் இடறினாலும் சாவு என்பது அவன் கணக்கு. என் மதிப்பில் அவனுக்குப் பத்துக்கு ஆறு வாய்ப்பு. உயிரைப் பணயம் வைக்க அது போதாது. வெற்றியாளரைக் கணிக்கத் தாராளம். அதுவும் களம் திறந்தவெளியாக இருந்தால்தான். குறுகிய அறையில் மோதவிட்டால் என் வாக்கு மலைக்கே.