கல்லீரல் ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

கேள்வி: துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி 70, எஸ்ஜிபிடி 38. குடிப்பழக்கம் இல்லை. கல்லீரல் கெட்டுவிட்டதா? — வாசகர், திருவொற்றியூர்

பதில்: எஸ்ஜிபிடி பெரும்பாலும் கல்லீரல் செல்களில் இருக்கும் நொதி. எஸ்ஜிஓடி தசையிலும் உண்டு; கடும் உடலுழைப்புக்குப் பின் அது மட்டும் ஏறுவது வியப்பல்ல. தசை நொதியான சிபிகேயின் அளவும் கூடியிருந்தால் காரணம் பெரும்பாலும் தசைதான். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைப்போல் இரு மடங்கைத் தாண்டினால் மதுவின் பாதிப்பைச் சந்தேகிப்பார்கள். இரண்டுமே ஆயிரத்தைத் தாண்டினால் வைரஸ் காமாலை, அளவு மீறிய பாராசிட்டமால் போன்றவை முதலில் நினைவுக்கு வரும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் ஜிஜிடியும் சேர்ந்து ஏறினால் பித்தநாள அடைப்பைத் தேட வேண்டும்.

நொதிகள் சேதத்தைத்தான் சொல்லும். கல்லீரல் வேலை செய்கிறதா என்பதை அது தயாரிக்கும் புரதமான ஆல்புமினும், ரத்தம் உறைவதை அளக்கும் ஐஎன்ஆரும் காட்டும். ஆல்புமினின் அரை ஆயுள் சுமார் 20 நாள், ஆகவே மெதுவாகவே குறையும்; ஐஎன்ஆர் ஓரிரு நாளிலேயே மாறிவிடும். சுருங்கிப்போன கல்லீரலிலும் நொதிகள் நார்மலாக இருக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இந்த ரிப்போர்ட்டுக்கு, ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருந்து சிபிகேவுடன் மறுபரிசோதனை செய்வது முறை. அப்போதும் இறங்காவிட்டால் ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனையும் ஸ்கேனும் தேவை. ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கல்லீரல் மாற்று சிகிச்சை வரை வசதி உண்டு.