மரச் சாமான்களுக்குக் காவி எண்ணெய்ப் பூச்சு

கதவு, நிலை, ஜன்னல், கட்டில், பெட்டி போன்ற மரச் சாமான்கள் வெயிலில் வெடித்தும், மழையில் ஊறி உப்பியும் கெடுகின்றன. ஆளிவிதை எண்ணெயும் காவிக்கல் தூளும் கொண்டு இவற்றுக்கு வேண்டிய பூச்சை வீட்டிலேயே தயாரித்துக் கொள்ளலாம். மரம் நன்கு காய்ந்திருக்கும் பங்குனி, சித்திரை மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை.

எந்த எண்ணெய்?

தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் ஆகியவற்றைப் பூசினால் அவை காய்வதில்லை. பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, மரத்தின் மேல் உறுதியான படலமாக இறுகும். காவியில் உள்ள இரும்பு ஆக்ஸைடு வெயிலில் வெளுக்காது. மரத்தையும் வெயிலிலிருந்து காக்கும்.

தயாரிக்கும் முறை

காவிக்கல் தூள் 250 கிராம் எடுத்து மெல்லிய துணியில் சலிக்கவும். அரை லிட்டர் ஆளிவிதை எண்ணெயில் சிறிதளவு மட்டும் விட்டு, கட்டியில்லாமல் விழுதாகக் குழைக்கவும். பின் மீதி எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்கவும். அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது. விரைவில் காய வேண்டுமானால், பெயிண்ட் கடைகளில் கிடைக்கும் காய்ச்சிய லின்சீட் எண்ணெயை வாங்கிக் கொள்ளலாம்.

பூசும் முறை

மரத்தை உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்கவும். முதல் பூச்சுக்கு மட்டும் சிறிது டர்பன்டைன் சேர்த்தால் எண்ணெய் மரத்துக்குள் நன்கு இறங்கும். மெல்லியதாகப் பூசி, அரை மணி நேரம் கழித்து மேலே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். கனமாகப் பூசினால் மேலே தோல் கட்டி உள்ளே காயாது. ஒரு பூச்சு நன்கு காய்ந்த பிறகே அடுத்ததைப் பூச வேண்டும். காய்ச்சிய எண்ணெய் ஓரிரு நாளில் காயும். பச்சை எண்ணெய்க்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

இப்பூச்சு கரையானையும் உளுப்புப் பூச்சியையும் தடுக்காது. துளைகளிலிருந்து புதிதாகத் தூள் கொட்டினால் முதலில் அதற்கு மருந்திட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. எண்ணெய் காயும்போது உண்டாகும் வெப்பம் சுருளுக்குள் தேங்கி, துணி தானாகவே தீப்பற்றும். கூரை வீட்டிலும் வைக்கோல் போர் அருகிலும் இது பேராபத்து. துணியை உடனே தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். அல்லது வெட்டவெளியில் ஒற்றையாக விரித்துக் காய வைக்க வேண்டும்.

தொட்டில், நடைவண்டி ஆகியவற்றைக் குழந்தைகள் வாயில் வைப்பார்கள். இவற்றுக்குச் செக்கில் ஆட்டிய பச்சை எண்ணெயை மட்டும், நிறம் சேர்க்காமல் பூசுவதே நல்லது. ஈயச் செந்தூரத்தை எதிலும் சேர்க்கக் கூடாது. தானியக் குதிரின் உட்புறத்தில் எந்தப் பூச்சும் வேண்டாம்.

வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே அதற்கு முன் பெயிண்ட் அடித்த பழைய கதவுகளை உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நனைத்துத் தேய்க்கவும். குழந்தைகளை அருகில் விடாமல், விழும் தூளை ஈரத் துணியால் துடைத்து எடுக்கவும்.

மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து, வெளுத்த இடங்களில் மட்டும் ஒரு பூச்சு கொடுத்து வந்தால் சாமான்கள் நெடுநாள் உழைக்கும்.