லினக்ஸ் கணினியில் விண்டோஸ் மென்பொருள்

விண்டோஸ் 10 பதிப்புக்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிக்கு உபுண்டு போன்ற லினக்ஸ் நல்ல மாற்று. இரத்மலானையிலோ வெள்ளவத்தையிலோ தட்டச்சுக் கடை நடத்துபவர், பழகிய விண்டோஸ் மென்பொருளை அதிலும் இயக்கலாம்.

• வைன்: 1993இல் தொடங்கிய இலவச மென்பொருள். விண்டோஸ் கட்டளைகளை லினக்ஸ் கட்டளைகளாக உடனுக்குடன் மாற்றித் தருகிறது. விண்டோஸ் உரிமம் தேவையில்லை.

• முன்கூட்டியே பார்த்தல்: எந்த மென்பொருள் எவ்வளவு நன்றாக ஓடும் என்பதை வைன் இணையத்தளம் பிளாட்டினம், கோல்ட், சில்வர் எனத் தரம் பிரித்துக் காட்டுகிறது.

• பாமினி எழுத்துரு: பழைய தமிழ்க் கோப்பில் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். பாமினி எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவி, மென்பொருளை மூடித் திறந்தால் போதும்.

• மெய்நிகர் கணினி: வைனில் ஓடாதவற்றுக்கு வேர்ச்சுவல்பொக்ஸ் உதவும். அதற்குள் முழு விண்டோஸையும் நிறுவுவதால் உரிமம் வேண்டும். 8 ஜிபி ராம் இருப்பது நல்லது.

• கைரேகைக் கருவி, யூஎஸ்பி டொங்கிள்: தனி டிரைவர் கேட்பவை வைனில் பெரும்பாலும் வேலை செய்யா.

• வைரஸ்: வைன் வழியாக ஓடும் தீய மென்பொருள் லினக்ஸ் கோப்புகளையும் தொடக்கூடும். முக்கியமான கோப்புகளுக்கு வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி இருக்க வேண்டும்.